சாட்சியில் வெட்டப்பட்ட வாக்கியம்

ஒருவர் தம் வாயால் முழுதாகச் சொன்னதில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை அவருடைய குரலிலேயே ஊரறிய ஒலிபரப்பினால், அதைச் சொன்னது யார்? சொன்னவரா, வெட்டியவரா? அந்த மீதியை நம்பி இன்னொருவர் தம் உயிரை ஆபத்தில் வைத்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எவர்? சமூகப்பணி முதுகலை வகுப்பில் இரண்டாண்டுகள் உட்கார்ந்திருந்தும் இப்படியொரு கேள்வியை நான் சந்தித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியின் முன்னால், அது என்மேல் வந்து விழுந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மந்தைவெளியில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் மூவர் குடியிருந்தோம். அம்மா பள்ளி ஆசிரியை; அப்பா காலமாகிவிட்டார். என்னைவிட நான்கு வயது மூத்த அக்காவுக்குப் பள்ளி நாட்களிலேயே வலிப்பு வந்துவிட்டது. வகுப்பறைத் தரையில் அவள் விழுந்து துடித்ததைப் பார்த்த பிள்ளைகள் மறுநாள் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார மறுத்தார்கள். படிப்பு அத்தோடு நின்றது. அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் ஒரு டாக்டரம்மா மருந்தையும் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒன்றில் நிலைநிறுத்தினார். “வலிப்பு நின்னுடுச்சேன்னு நீயா மாத்திரையை நிறுத்திடாதே. அது நிக்கிறதே இதனாலதான்,” என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். அக்கா அந்தச் சொல்லைக் கேட்டாள். காலையும் இரவும் சாப்பிட்ட கையோடு மாத்திரை. இரண்டாண்டுகளுக்கும் மேலாக அவளுக்கு வலிப்பே வரவில்லை.

அந்தக் காலத்தில்தான் அவள் பாடத் தொடங்கினாள்.

பட்டினப்பாக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடத்தின் போதகர் ஞாயிறுதோறும் காலையில் வானொலியில் ஒரு பாட்டு நிகழ்ச்சி நடத்தினார். சிற்றலையில், கடல் கடந்த நிலையமொன்றிலிருந்து, அரைமணி நேரம் வரும். பேச்சும் அவரே, பாட்டும் அவரே. ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில், கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர். அதை மறைத்ததில்லை, கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சிரிக்கவைப்பார். நல்ல குரல். அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் என் கோபத்தில் நேர்மை இருக்காது. கீழ்ஸ்தாயியில் அவர் இறங்கும்போது அலை இரைச்சலையும் மீறி அந்தக் குரல் நம் அறைக்குள் ஓர் ஆளைப்போல வந்து நிற்கும். பழைய திருச்சபையில் கீர்த்தனைகளோடு வளர்ந்த அம்மாவே, அப்பாவின் மறைவுக்குப் பிறகு, அந்தக் குரலுக்காகத்தான் தகரக் கூரைக்குப் போகத் தொடங்கினார்.

அக்காவின் குரலை அவர்தான் முதலில் கவனித்தார். “தங்கச்சி, நீ ஏன் பின்னாடி உக்காந்து பாடறே? முன்னாடி வா,” என்று கூட்டத்தின் நடுவே அழைத்தார். அவளை ‘முன்னாடி வா’ என்று அதற்கு முன் யாரும் அழைத்ததில்லை. நிகழ்ச்சியின் பாடகர் குழுவில் அவள் சேர்ந்தாள். வியாழக்கிழமை மாலைகளில் அடையாற்றில் ஒரு வீட்டின் மாடியறையில் ஒலிப்பதிவு நடக்கும். சுவர் முழுவதும் முட்டை அடுக்கும் அட்டைகள்; வாசலில் கனத்த ஜமுக்காளம்; மின்விசிறி போடக் கூடாது. வியர்வையில் நனைந்து வீடு திரும்பும் அக்கா சாப்பிடும்போதும் அன்றைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அந்த நாட்களில்தான்.

நிகழ்ச்சியில் பத்து நிமிடம் ‘சாட்சி’க்கு உரியது. கடவுள் தமக்குச் செய்த நன்மையை ஒரு விசுவாசி தம் சொந்த வாயால் சொல்வதுதான் சாட்சி. குடியை விட்டவர், வேலை கிடைத்தவர், பிள்ளை பெற்றவர். இதில் போதகருக்கு ஒரு தொழில் முறை இருந்தது. சாட்சி முடிகிற சொல்லின்மீதே பாட்டு ஏற வேண்டும். இடையில் மூச்சுவிடும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. ‘சமாதானம்’ என்று சாட்சி முடிந்தால், அந்தச் சொல்லின் வால் அடங்கும் முன்பே அவர் குரல் ‘சமாதானம்’ என்று எழும்பும். கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். எனக்கும் கூச்செறிந்திருக்கிறது.

அக்காவிடம் சாட்சி சொல்லக் கேட்டபோது அவள் பல நாள் தயங்கினாள். நோயைப் பகிரங்கமாகச் சொல்வது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. கடைசியில் சம்மதித்து, என்ன சொல்ல வேண்டும் என்று அவளே யோசித்து, சமையலறையில் எனக்கும் அம்மாவுக்கும் சொல்லிக் காட்டினாள். ஒலிப்பதிவன்று நான் துணைக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் அருகே உட்கார்ந்து அவள் பேசியதை முழுதாகக் கேட்டேன். சின்ன வயதில் விழுந்ததைச் சொன்னாள். பெஞ்சில் தனியாக உட்கார்ந்ததைச் சொன்னாள். பிறகு இப்படி முடித்தாள்: “ரெண்டு வருஷமா எனக்கு வலிப்பு வரலை. கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார். டாக்டர் குடுத்த மாத்திரையை ஒருவேளைகூட விடாம சாப்பிடறேன். அந்த டாக்டரையும் அவர்தான் குடுத்தார்னு நம்பறேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்காத என் அக்கா, விசுவாசத்தையும் மருத்துவத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்காமல் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். போதகரும் கண்ணாடிக்கு உள்ளே தலையசைத்து, “ஸ்தோத்திரம், அருமை,” என்றார்.

ஒலிநாடாக்கள் விமானத் தபாலில் போய், சில வாரம் கழித்துத்தான் ஒலிபரப்பாகும். அந்த ஞாயிறு வந்தது. அம்மா பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்து, ஏரியல் கம்பியை ஜன்னலில் சுற்றியிருந்தார். மாடியில் குடியிருந்த வீட்டுக்கார மாமி, அக்காவின் பாட்டென்றால் உயிர் என்பவர், காபி டம்ளரோடு இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அலை ஏறி இறங்கியது. அக்காவின் குரல் வந்தது. விழுந்தது வந்தது, பெஞ்சு வந்தது.

“ரெண்டு வருஷமா எனக்கு வலிப்பு வரலை. கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார்.”

அந்தச் ‘சுகம்’ காதில் நிற்கும்போதே போதகரின் குரல் ‘சுகம்’ என்று எழும்பியது. வாத்தியங்கள் சேர்ந்துகொண்டன. பின்னணியில் அக்காவும் பாடிக்கொண்டிருந்தாள்.

மாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பகவானே! மருந்து மாத்திரை ஒண்ணுமே இல்லாம சரியாயிடுத்தாமே! எங்காத்துல சொல்லவே இல்லையேடி நீ?”

“இல்ல மாமி, மாத்திரை சாப்பிடறா. அதையும் சொன்னா. வெட்டிட்டாங்க,” என்றேன்.

“ஓ, அப்படியா,” என்றார் மாமி. ஆனால் அவர் முகத்தில் நான் சொன்னது பதியவில்லை. பெட்டி சொன்னதுதான் பதிந்திருந்தது. அக்கா தன் குரல் வந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, மாத்திரையை நிறுத்திவிட்டதாக அவளே என்னிடம் சொன்னாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

“உனக்குப் பைத்தியமா? எதுக்கு?”

“கத்தாதே. அம்மாவுக்குத் தெரியும்.”

“அம்மாவுக்குத் தெரியுமா!”

“எத்தனை பேர் கேட்டிருப்பாங்க, நீயே சொல்லு. கூடத்துல எல்லாரும் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க. எங்கிருந்தோ எல்லாம் கேட்டவங்க பாஸ்டருக்குச் சொல்லி அனுப்பறாங்க. என் குரல்ல அத்தனை பேருக்குச் சொல்லிட்டு, வீட்ல வந்து ஒளிஞ்சி மாத்திரை முழுங்கினா நான் யாரு? பொய்க்காரி.”

“நீ பொய் சொல்லலையே! வெட்டினது அவங்க!”

“கேட்டவங்களுக்கு அது தெரியுமாடி? அவங்களுக்கு நான் சொன்னது அதுதான். அப்ப அதை நான் நிஜமாக்கணும், இல்லையா?”

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை திரும்ப யோசித்திருக்கிறேன். அது மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுக் கடந்து போவது சுலபம். அது மூடநம்பிக்கை அல்ல, நாணயம். பிறர் வெட்டி ஒட்டிய ஒரு வாக்கியத்துக்குத் தன் உடம்பைப் பிணையாக வைக்கிற அளவுக்கு அவளிடம் நாணயம் இருந்தது. அந்த நாணயம் இருப்பவளிடம்தான் அந்தக் கத்தரிப்பு வேலை செய்தது. என்னை இன்றுவரை கொதிக்கவைப்பது இதுதான்.

அம்மாவிடம் பாய்ந்தேன். அவர் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே, “ரெண்டு வருஷமா வரலையேடி,” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “கூடத்துல ஒருத்தங்க அவளைக் கேக்கறாங்க. பையன் துறைமுகத்துல வேலை. சாட்சியைக் கேட்டுட்டுத்தான் கேட்டாங்க,” என்றார். இருபத்தெட்டு வயது மகளுக்கு முதல்முறையாக ஒரு வரன் வந்திருந்தது. அதன் முன்னால் டாக்டரம்மாவின் எச்சரிக்கை நிற்கவில்லை.

அந்த வாரமே நான் போதகரைப் பார்க்கப் போனேன். ஜெபக்கூடத்தின் பின்னறையில் புதுப் பாட்டுக்கு மெட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே மீன்கடைகளின் சத்தம். நான் சொன்னதைப் பொறுமையாகவே கேட்டார்.

“மாத்திரையை விடச் சொல்லி நான் சொல்லலையேம்மா.”

“நீங்க சொல்ல வேணாம் ஐயா. நீங்க வெட்டினது சொல்லிடுச்சு.”

“அது வேற விஷயம்மா. நீங்க படிச்சவங்க, சொன்னா புரியும். அவ ‘சுகம் தந்தார்’னு சொல்ற இடத்துல பாட்டு ஏறணும். அதுக்கு மேல மாத்திரை, டாக்டர்னு போனா பாட்டு எங்க ஏறும்? சப்புனு போயிடும்.” பேசிக்கொண்டே விரலால் மேசையில் தாளம் தட்டினார். “நீங்களே நினைச்சுப் பாருங்க, எவ்வளவு நல்லா அமைஞ்சது!”

அவரிடம் கபடம் இருந்திருந்தால் நான் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். மனிதர் உண்மையாகவே அந்தப் பாட்டின் எடுப்பைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் மூளையைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்த மருந்து, ஒரு பல்லவியின் எடுப்புக்கு இடைஞ்சலாக இருந்ததால் பிளேடால் நறுக்கப்பட்டுக் குப்பைக் கூடைக்குப் போயிருந்தது. சரி, அடுத்த பதிவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்தச் சகோதரி மருத்துவரின் ஆலோசனைப்படி மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று ஒரே ஒரு வார்த்தை, என்று கேட்டேன். “பார்க்கலாம்மா, ஜெபிப்போம்,” என்றார். நான் படியிறங்கும்போதே உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் அக்காவோடு நானும் போனேன். அவள் தடுக்கவில்லை, “போலீஸ்காரி,” என்று கேலி செய்வாள். ஒவ்வொரு நாளும் அவள் நன்றாக இருக்க இருக்க, “பாத்தியா?” என்று கண்ணாலேயே கேட்பாள். எனக்குள்ளும், சொல்லப்போனால், ஒருவேளை வராமலே போகுமோ என்ற ஆசை இருந்தது.

அது வந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வாய் பாட்டிலிருந்து விலகியது. அவள் இடக்கை விரல்கள் தாமாக மடங்கி விரிந்தன. நான் ஜமுக்காளத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவதற்குள் மைக்கை இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டாள்.

அந்த அறையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் என்ன செய்தார்கள்? ஒருவர் அவள் தோள்களைத் தரையோடு அழுத்திப் பிடித்தார். ஒரு பெண் தன் வீட்டுச் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்தாள். மற்றவர்கள் கையை நீட்டி உரக்க ஜெபித்தார்கள். போதகர் கண்ணை மூடி, நடுங்கும் குரலில், “விட்டுப் போ! விட்டுப் போ!” என்று எதையோ அதட்டிக்கொண்டிருந்தார். அதட்டப்பட்டது என் அக்கா. வாயில் நுரையோடு, மல்லாந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது என் அக்கா.

“கையை எடுங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!” என்று நான் போட்ட கூச்சலில் ஜெபம் நின்றது. அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்கடியில் என் துப்பட்டாவை மடித்து வைத்து, சாவியைப் பிடுங்கி எறிந்தேன். துடிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. விழுந்ததில் புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் வழிந்தது. சேலை நனைந்திருந்தது. அது அவளுக்கு நினைவு திரும்பியதும் தெரியும் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடத் தாங்கவில்லை. ஒலிப்பதிவாளர் தன் சட்டைமேல் போட்டிருந்த துண்டை எடுத்து அவள்மேல் போர்த்தினார்.

ஆட்டோ வருவதற்காக மாடிப்படியில் அவளைத் தாங்கி உட்காரவைத்திருந்தபோது போதகர் அருகே வந்தார். நீர் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன்.

“தங்கச்சி மனசுல மறைச்சுவச்ச காரியம் ஏதாவது இருக்கான்னு கேளும்மா,” என்றார் என்னிடம். “அப்புறம், இது வெளிய போக வேணாம். விசுவாசத்துக்குப் புதுசா வந்தவங்க இடறிப் போவாங்க.”

நான் அவரை அடிக்கவில்லை. கையில் அக்காவின் தலை இருந்தது.

டாக்டரம்மா புருவத்துக்குத் தையல் போட்டு வரச் செய்து எங்களை உட்காரவைத்தார். நடந்ததை அக்கா தானே சொன்னாள். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “திடீர்னு நிறுத்தினா, முன்னவிட மோசமா, தொடர்ந்தாப்பல வரும். அதுல உயிரே போகலாம். கிணத்தடியிலயோ ரோட்லயோ வந்திருந்தா இன்னைக்கு என்கிட்ட வந்திருக்க மாட்டே,” என்று மட்டும் சொல்லி, மருந்தை மறுபடி தொடங்கினார். அம்மா வெளிவராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தார். வரன் கேட்ட துறைமுகத்துக்காரர்கள் அதன்பின் செய்தியே அனுப்பவில்லை. மூடிவைக்கச் சொன்ன விஷயம் அவர்களுக்கு மட்டும் எப்படியோ எட்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு, அக்காவின் புருவத்துத் தையல் இன்னும் பிரிக்கப்படாத ஒரு ஞாயிறு காலையில், பக்கத்து வீட்டு வானொலியிலிருந்து அவள் குரல் கேட்டது. நேயர்கள் பலர் விரும்பிக் கேட்டதால் இந்தச் சாட்சியை மீண்டும் தருகிறோம் என்றார் போதகர். அந்த நாடா அவள் விழும் முன்பே தபாலில் போயிருக்க வேண்டும்; அதை நிறுத்தச் சொல்லி அவர் ஒரு தந்திகூட அனுப்பியிருக்கவில்லை. ரெண்டு வருஷமா எனக்கு வலிப்பு வரலை. கர்த்தர் எனக்குச் சுகம் தந்தார். பாட்டு எழும்பியது. அக்கா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, “நல்லாத்தான் சொல்லியிருக்கேன்,” என்றாள். அந்தக் கசப்பை அவளிடம் நான் அதற்குமுன் கண்டதில்லை.

இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள்; கூடையை இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தை.

“ரேடியோல சாட்சி சொன்ன பொண்ணு வூடு இதானேமா?”

“நான்தான்,” என்று அக்கா எழுந்து வந்தாள்.

“நீயா கண்ணு! உன் குரலக் கேட்டே கண்டுகினேன்.” சட்டென்று குழந்தையை முன்னால் தள்ளினாள். “இதுக்கும் அதே சீக்குதான். மூணு வருசமா ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போறேன். நீ எப்போ மாத்ரய வுட்டே, எப்டி ஜெபம் பண்ணே, அத்த மட்டும் சொல்லு. ஞாயித்துக்கெழமலேர்ந்து நானும் குடுக்கல.”

“குடுக்கலையா?” என்று நான் கேட்டது எனக்கே அலறலாகக் கேட்டது.

“இன்னாத்துக்கும்மா கத்துறே? அது நல்லாத்தான் கீது. தோ, பாரு, நிக்குது.”

அக்கா குனிந்து குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். பிறகு முன்தலை முடியை ஒதுக்கித் தையலைக் காட்டினாள்.

“நான் மாத்திரையை விடலைக்கா. அன்னைக்கு ரேடியோவுக்குப் பேசும்போது சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதைச் சொன்னேன், வெட்டிட்டாங்க. அப்புறம் நானே முட்டாள்தனமா விட்டேன். விழுந்து இதோ மண்டை உடைஞ்சது.”

அந்தப் பெண் அவள் நெற்றியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ ரேடியோல சொன்னது?”

“பாதி.”

“யாரு வெட்னது? பாஸ்டரா?”

எங்கள் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. “அடப்பாவி,” என்றாள், பிறகு குழந்தையின் தலையில் கைவைத்து, மெதுவாக, “அய்யோ நைனா, மூணு நாளாச்சே,” என்றாள். மகளை அவள் அப்படித்தான் அழைத்தாள். மீன்கூடை எங்கள் வாசலிலேயே கிடக்க, நானும் அவளும் குழந்தையை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். அன்றைக்கே மருந்து தொடங்கப்பட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு எங்கள் வீடு நடந்து வரும் தூரத்தில் இருந்தது. சிற்றலை அந்தத் தூரத்தோடு நிற்பதில்லை. யாழ்ப்பாணத்திலும் வளைகுடாவிலும் தேயிலைத் தோட்டங்களிலும் அந்த நிகழ்ச்சிக்கு நேயர்கள் இருந்தார்கள். அவர்களில் எந்தத் தாயும் எங்கள் கதவைத் தட்டி ‘எப்போது விட்டாய்’ என்று கேட்க முடியாது. கேட்காமலே விடுவாள். அதன் விளைவை எந்த ஒலிப்பதிவும் நமக்குத் திருப்பிக் கொண்டுவராது. ஒரு பாட்டின் எடுப்புக்காக இத்தனை பேரை இருட்டில் நிறுத்திய மனிதர் மறுவாரமும் நிம்மதியாகத் தாளம் தட்டினார் என்பதை நினைத்தால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் கை பேனாவை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

அந்த வியாழக்கிழமை அக்கா அடையாற்றுக்குப் போனாள். பாடுவதற்காக அல்ல. நானும் அம்மாவும் கூடப் போனோம். ஆனால் பேசியது அவள்தான்.

“பாஸ்டர், எனக்கு மைக் குடுங்க. ரெண்டு நிமிஷம். நான் விட்ட வார்த்தையைச் சொல்லிடறேன்.”

“நீ விடலையே தங்கச்சி. நாங்கதானே எடுத்தோம்,” என்று சிரித்தார் அவர்.

“அப்ப நீங்க சொல்லுங்க.”

சிரிப்பு நின்றது. “ஒரு சாட்சியைக் கொடுத்துட்டு அதைத் திருத்தறது கர்த்தருடைய நாமத்துக்கு மகிமை இல்லம்மா. நீ பூரணமா சுகமாகி வா. அப்போ புது சாட்சியாவே போடலாம்.”

“மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. பொண்ணுக்கு மூணு நாள் மருந்தை நிறுத்திட்டாங்க, என் சாட்சியைக் கேட்டு.”

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையில்ல?”

“ஆகலை.”

“பாத்தியா, கர்த்தர் காத்தார்,” என்றார் போதகர். கண்ணை மூடி மெல்ல ஒரு பாட்டை எடுத்தார். அவருக்கு எதிர்வாதம் முடியும் இடமெல்லாம் பாட்டு தொடங்கும் இடம்தான். குழுவினர் வழக்கம்போலச் சேர்ந்துகொண்டார்கள். அக்காவின் பகுதி வரும் இடத்தில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த இடம் வெறுமையாகக் கடந்து போனது. அம்மாதான் முதலில் எழுந்தார். “வாங்கடி, போலாம்,” என்றார். போதகர் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து வந்தது அதுவே முதல்முறை.

அந்த நிகழ்ச்சி பிறகும் பல ஆண்டுகள் ஞாயிறுதோறும் வந்தது. திருத்தம் எதுவும் ஒலிபரப்பாகவில்லை. நிலையத்துக்கு நான் அனுப்பிய முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. அம்மா பழைய திருச்சபைக்குத் திரும்பினார். அக்கா மருந்தைத் தொடர்கிறாள். எந்தக் குழுவிலும் பாடுவதில்லை. நான் விண்ணப்பித்திருந்த அலுவலக வேலை கிடைத்தும் அதை ஏற்கவில்லை. நரம்பியல் பிரிவின் புறநோயாளிகள் வராந்தாவில், வலிப்புக்காக வருகிறவர்களின் குடும்பத்தாரோடு பேசும் பணியில் சேர்ந்தேன். எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது, மருந்தை நிறுத்தும்படி யாராவது உங்களிடம் சொன்னார்களா, அல்லது எங்கேயாவது கேட்டீர்களா என்பது.